வேதாளம் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது?

(மேல்பட்டாம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒரு பக்கம் தென்பெண்ணையும் மறுபக்கம் கெடிலமும் ஓடுகிற இந்த ஊரில் நின்றுகொண்டு இன்று பேய்க்கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆம், பேய்க்கதைதான். பேய்க்கதை, மாயக்கதை, திகில் நாவல், அமானுஷ்யத் தொடர் என்று நாம் பல பேரில் அழைக்கிற அந்தப் பெருங்கூட்டத்தைப் பற்றித்தான். உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சம் இல்லை. படிப்பவர்களுக்கும் பஞ்சம் இல்லை. படித்ததை எடைபோட்டு, இது தேறும், இது தேறாது, இன்ன காரணத்தால் தேறாது என்று எழுதுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சம் நம் இலக்கியத்துக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கியிருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

விக்கிரமாதித்தன் கதை தெரியாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை ஊட்டியது. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு மயானத்தில் நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் வரைந்த படம் நம்மில் பலர் கண்ணில் இன்னும் நிற்கிறது. அந்தக் கதையின் ஏற்பாட்டைச் சற்றே யோசித்துப் பாருங்கள். வேதாளம் கதை சொல்கிறது. சொல்லி முடித்ததும் சும்மா விடுகிறதா? இல்லை, கேள்வி கேட்கிறது. இவர்களில் யார் உயர்ந்தவர், எவர் செய்தது நியாயம், சொல் மன்னா என்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும் என்று மிரட்டுகிறது. மன்னன் பதில் சொல்கிறான். மௌனம் கலைந்ததால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுகிறது. அதனால் அடுத்த கதை பிறக்கிறது. கேட்பவன் தீர்ப்புச் சொன்னதால்தான் அடுத்த கதை வந்தது என்பதைக் கவனியுங்கள். பேய்க்கதை கேட்பவருக்கு ஒரு கடமை உண்டு என்று நம் முன்னோர் கதைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் கதையை மட்டும் கேட்டோம். கேள்வி வந்தபோது வாயை மூடிக்கொண்டோம்.

இந்தக் கடமையைப் பிற நாட்டார் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1968இல் 'லோகஸ்' என்ற இதழ் தொடங்கியது. அறிவியல் கதை, மாயக்கதை, திகில் கதை ஆகியவற்றின் உலகத்தில் என்ன நடக்கிறது என்ற செய்தியும் வெளிவந்த புத்தகங்களின் மதிப்புரையும்தான் அதன் சரக்கு. 1975இல் உலக மாயப்புனைவு விருது வந்தது. திகில் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்து, 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் பெயரில் 1987ஆம் ஆண்டின் நூல்கள் தொட்டு விருது கொடுத்து வருகிறார்கள். விருது பெரிதல்ல, விருதைச் சுற்றி நடக்கும் பேச்சுதான் பெரிது. உலக மாயப்புனைவு விருதாக முதலில் கொடுத்தது எச்.பி. லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் தலைச்சிலையை. திகில் எழுத்தில் அவர் பெரிய கை. ஆனால் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியதில் விஷம் உண்டு. 2011இல் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோராஃபோர் அந்த விருதைப் பெற்றார். இந்த முகத்தை என் வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்ற கேள்வியைப் பொதுவெளியில் எழுப்பினார். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2015இல் அந்தச் சிலைக்கு விடைகொடுத்துவிட்டார்கள். இப்போது தருவது முழுநிலவைத் தழுவி நிற்கும் ஒரு முறுக்கிய மரம். லவ்கிராஃப்டை யாரும் எரிக்கவில்லை; அவர் கதைகளை இன்றும் படிக்கிறார்கள். ஆனால் எதற்காகப் போற்றுகிறோம், எதற்காகப் போற்ற மாட்டோம் என்று வாசகரும் எழுத்தாளரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். மதிப்புரைப் பழக்கம் உள்ள ஒரு வாசகக் கூட்டத்தால்தான் இது முடியும்.

அவர்களுக்குப் பழைய மரபு இருக்கிறது, செய்கிறார்கள். நமக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கக்கூடும். நமக்கா இல்லை? தமிழில் பேயைப் பாடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு பெண். சதை நிறைந்த அழகிய உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கியவர், தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர், காரைக்கால் அம்மையார். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாடு வருகிறது, கள்ளி வருகிறது, நிணம் வருகிறது. அவற்றுக்கு நடுவே ஒரு பேய்த்தாய் வருகிறாள். கொழுப்பை விழுங்கிவிட்டு, மண்டையோட்டு மாலையை அணிந்துகொண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்துச் சீராட்டி வளர்க்கிறாள். பிள்ளையின் மேல் ஒட்டிய புழுதியைத் துடைக்கிறாள். பால் கொடுக்கிறாள். பிறகு எங்கோ போய்விடுகிறாள். போன தாய் திரும்பி வரக் காணாமல் அந்தப் பேய்க்குழந்தை அழுது அழுது தூங்கிப்போகிறது. அன்பர்களே, இதில் எது நம்மை உலுக்குகிறது? மண்டையோடா? நிணமா? இல்லை. புழுதி துடைத்த கை, அழுது தூங்கிய பிள்ளை. நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிற காரியம் சுடுகாட்டில் நடக்கிறது. அச்சம் என்பது அந்நியமானதிலிருந்து மட்டும் வருவதில்லை, மிகவும் பழகியது தவறான இடத்தில் இருக்கக் காண்பதிலிருந்தும் வருகிறது என்ற நுட்பத்தை அம்மையார் பதிகத்தின் ஒரு பாட்டுக்குள் செய்து காட்டிவிட்டார். இதைப் பக்தி என்று படித்தோம். நன்று, பக்திதான். ஆனால் அச்சத்தைக் கையாளத் தெரிந்த ஒரு பெரிய கலைஞரின் வேலை என்று எப்போது படித்தோம்?

அடுத்து கலிங்கத்துப்பரணி. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடிய நூல். போர் பற்றிய நூல்தான். ஆனால் போர்ச்செய்தி முழுவதும் பேய்களின் வாய் வழியாக, பேய்களின் காது வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. பேய்கள் பசியால் வாடுகின்றன. காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வித்தை கற்று வந்த ஒரு முதுபேய் இந்திரசாலம் காட்டுகிறது. பொய்யான போர்க்களத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. பட்டினி கிடந்த பேய்கள் இல்லாத பிணத்தின் மேல் விழுந்து, வெறுங்கையை மென்று, ஒன்றன்மேல் ஒன்று புரள்கின்றன. கடைசியில் உண்மையான களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. பந்தி பரிமாறுவதைக் கேளுங்கள்: பார்ப்பனப் பேய்க்குத் தனி, சமணப் பேய்க்குத் தனி, புத்தப் பேய்க்குத் தனி. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் அவரவர்க்கு ஏற்றபடி. சமணப் பேய் உயிர்க்கொலை செய்யாது, ஒருவேளைதான் உண்ணும், ஆகவே மயிர் கிடக்காமல் பார்த்து, நிணத்தையே துணியாக்கி வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் கவிஞர். செத்துப் பேயான பிறகும் சாதியும் சமயமும் ஆசாரமும் போகவில்லை! ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், ஒரு பேரரசின் வெற்றியைப் பாட வந்த இடத்தில், அந்த வெற்றி யாருக்கு விருந்தானது என்று காட்டிய துணிச்சல் இது. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்குப் போர்ப்பாட்டைக் கொடுத்தன. பேய்ப் பந்தியைக் கொடுக்கத் தயங்கின.

மூன்றாவது சான்று, அதே ஆலங்காட்டை அடுத்த பழையனூர். கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி வந்து பழிதீர்த்த நீலியின் கதை. கள்ளிக் கொம்பு ஒன்றைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறார் என்று ஊரார் முன்னால் அழுதாள். அவன் கையில் பாதுகாப்புக்காக வைத்திருந்த வாளை ஊரார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உனக்குத் தீங்கு வந்தால் நாங்கள் உயிர் விடுவோம் என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். வாக்குத் தவறாத வேளாளர் பெருமை என்றுதான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். 'நீலிக் கண்ணீர்' என்று பெண்ணின் அழுகையைப் பழிக்க ஒரு சொல்லும் உண்டாக்கிக்கொண்டோம். ஆனால் முதலில் கொலை செய்தது யார்? அவளைக் கொன்றபோது எந்த ஊர் கூடியது, எந்த எழுபது பேர் தீயில் இறங்கினார்கள்? திகில் கதையை ஒரு விமர்சகர் கையில் எடுத்தால் கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மோகினி முதல் இசக்கி வரை நம் கதைகளில் வரும் பேய் ஏன் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்ட பெண்ணாக இருக்கிறது? நாட்டார் தெய்வங்களில் எத்தனை பேர் சாதிக்காகக் கொல்லப்பட்டவர்கள்? அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இந்தக் கேள்விகளுக்காக வாழ்நாளைக் கொடுத்துக் கதைகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் செய்த அந்த வேலையை, இன்று வெளிவரும் திகில் நாவலின் மேல் மதிப்புரையாளர் செய்ய வேண்டாமா?

இப்போது நவீன காலத்துக்கு வருவோம். தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் புதுமைப்பித்தன் பேய்க்கதை எழுதியவர். 1943இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயரே 'காஞ்சனை'. எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குப் பிச்சைக்காரியாக வந்த பெண், மனைவியின் இரக்கத்தால் வேலைக்காரியாகத் தங்கிவிடுகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரவுகள் சரியாக இல்லை. அந்தக் கதையில் அச்சம் எந்த வழியாக வருகிறது? கண் வழியாக அல்ல, மூக்கு வழியாக! இருட்டில் பிணவாடையும் ஊதுவத்தி மணமும் மாறி மாறி வருகின்றன. எது உண்மை, எது பிரமை என்று அந்த எழுத்தாளராலும் சொல்ல முடியவில்லை, நம்மாலும் சொல்ல முடியவில்லை. கண்ணால் கண்டதை மறுக்கலாம். மூச்சை நிறுத்த முடியுமா? 'காஞ்சனை' பற்றித் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள் என்று தமிழாசிரியர்கள் மறுக்கக்கூடும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தில் பெரும்பகுதி என்ன செய்தது? இந்தப் பேய் எதன் குறியீடு, எந்த மனநிலையின் வெளிப்பாடு என்று கேட்டது. பேயைக் கதையிலிருந்து மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுத்தான் கதையைப் பாராட்டியது. வாசனையால் எப்படி அச்சத்தைக் கட்டினார், எந்த இடத்தில் தகவலைக் கொடுத்தார், எந்த இடத்தில் மறைத்தார் என்ற தொழில் நுணுக்கம் பேசப்பட்டது குறைவு. திகில் கதை எழுத வரும் இளைஞருக்குத் தேவை அந்தப் பேச்சுதான். இதே புதுமைப்பித்தன்தான் கடவுளைச் சென்னைத் தெருவுக்கு வரவழைத்து, கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்து, பிள்ளையை அவரிடமே மாத இதழுக்கு ஆயுள் சந்தா கேட்க வைத்தவர். அந்தக் கதையைச் சமூக அங்கதம் என்கிறோம். சரி. மாயக்கதையும்தானே?

இலக்கியப் பெரியவர்களின் கதி இது என்றால், மாத நாவல் எழுதியவர்களின் கதி என்ன? பி.டி. சாமி என்ற பெயரைக் கேட்டதும் இந்த அவையில் ஐம்பதைத் தாண்டியவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிகிறது. பேய் நாவல் என்றாலே பி.டி. சாமி என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள், வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழிந்து தைத்துத் தைத்துச் சுற்றிய புத்தகங்கள். அந்த நாவல்களுக்கு ஒரு முழுப்பட்டியல் வேண்டும் என்றால் எங்கே போவது? அடுத்து சுஜாதா. 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்தபோது, பேயா விஞ்ஞானமா என்று அவருடைய கதைகளில் வரும் கணேஷும் வசந்தும் மோதிக்கொண்டதை வாரா வாரம் தமிழ்நாடு காத்திருந்து படித்தது. அடுத்து இந்திரா சௌந்தர்ராஜன். நாகா இயக்கத்தில் 1990களில் அவருடைய 'மர்ம தேசம்' தொலைக்காட்சியில் வந்தது. அதில் 'விடாது கருப்பு' பகுதி, தவறு செய்தவரைத் தண்டிப்பது ஊர்க்காவல் தெய்வமா, மனித மனத்தின் பிளவா என்ற கேள்வியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்தது. அந்தத் தொடரில் குதிரைக் குளம்பொலி கேட்டால் வாசல் கதவைத் தாழிட்ட வீடுகள் இந்த வட்டாரத்திலும் இருந்திருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தார். கோயில் ரகசியம், சித்தர் மருந்து, சந்தேகத்தோடு உள்ளே நுழையும் நகரத்துப் பாத்திரம் என்று தனக்கென ஒரு கட்டுமானத்தை உண்டாக்கியவர். அந்தக் கட்டுமானம் எங்கே வேலை செய்தது, எங்கே பழகிப்போய்ச் சலித்தது, நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் நடுவே அவர் நடந்த நடையில் எந்த நாவல் நிலைக்கும் என்று வரிசைப்படுத்தி எடைபோட்ட முழு நூல் ஒன்று அவர் உயிரோடு இருந்தபோதே வந்திருக்க வேண்டாமா?

நாம் செய்யாததை வேறு மொழியில் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் மாத நாவல் எழுத்தின் ஒரு தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ப்ரீதம் கே. சக்ரவர்த்தி மொழிபெயர்த்தார். இந்திரா சௌந்தர்ராஜனும் ராஜேஷ்குமாரும் சுபாவும் அதில் இருக்கிறார்கள். பழைய அட்டைப் படங்களையும் அக்கறையோடு சேர்த்து அச்சிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் மதிப்புரை எழுதின. நம் பேருந்து நிலையத்தில் தொங்கியபோது மதிப்புரைக்குத் தகுதி இல்லாதது, ஆங்கிலத்துக்குப் போனதும் தகுதி பெற்றுவிட்டதா? கதையா மாறியது? பார்க்கிற கண்தான் மாறியது. தமிழுக்குள்ளும் முயற்சி இல்லாமல் இல்லை. கனவுருப்புனைவுக்கென்றே 2018இல் 'அரூ' இதழ் தொடங்கியது. போட்டி நடத்திப் புதியவர்களை எழுத வைத்தது. ஜெயமோகன் 'நிழல்வெளிக் கதைகள்' என்று பேய்க்கதைகளையே ஒரு தொகுப்பாகத் தந்தார். விதை முளைத்திருக்கிறது. தொடர்ந்து தண்ணீர் ஊற்றும் மதிப்புரைப் பழக்கம்தான் வேண்டும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வலுவானது; அதை எழுப்புகிறவர்கள் என் மதிப்புக்குரியவர்கள். பெரியார் நடந்த மண்ணில், மூடநம்பிக்கையை எதிர்த்துத் தலைமுறைகளாகப் போராடிய மண்ணில், பேய்க்கதையைத் தூக்கிப் பிடிக்கலாமா என்பது அந்த மறுப்பு. நான் கேட்கிறேன், மந்திரவாதி காட்டும் பேயும் கதைக்காரர் காட்டும் பேயும் ஒன்றா? மந்திரவாதியின் பேய் காசு கேட்கிறது, கோழி கேட்கிறது, கேள்வி கேட்காதே என்கிறது. கதையின் பேயோ வேதாளத்தைப் போலக் கேள்வியோடு வருகிறது. இது கதை என்று தெரிந்தே நாம் உள்ளே போகிறோம், பயந்து பார்க்கிறோம், பயத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். பேய்ப் பந்தியில் சாதி வரிசை காட்டிய செயங்கொண்டார் மூடநம்பிக்கையையா வளர்த்தார்? இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பேய் பிடித்தது என்று ஒரு பெண்ணைக் கட்டி வைத்து வேப்பிலையால் அடிப்பதை, அதுதான் மருந்து என்று காட்டும் நாவல்கள் தமிழில் வந்திருக்கின்றன. அவை கேடு செய்கின்றன. அவற்றைத் தடுப்பது எது? மௌனமா? பகுத்தறிவாளர்கள் பேய்க்கதையை முழுதாக ஒதுக்கியதால் அந்த நாவல்கள் கேட்பாரற்றுச் சுற்றின. பிடித்தது பேயா, மாமியார் வீட்டுக் கொடுமையா என்று ஒரு மதிப்புரையாளர் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், எழுதியவர் அடுத்த நாவலில் வேப்பிலையை எடுக்கச் சற்று யோசித்திருப்பார். பகுத்தறிவின் வேலை இந்த வாசலில் நின்று கேள்வி கேட்பது. வாசலைப் பூட்டிவிட்டுப் போவதல்ல.

இரண்டாவது மறுப்பு: இவை மலிவான எழுத்து, மாதம் ஒன்று என்று அவசரத்தில் எழுதியவை, இவற்றுக்கு மதிப்புரையா? மலிவானவை நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் மண்டையோடும் உள்ளே வெறும் சக்கையுமாக வந்தவை ஏராளம். ஆனால் நான் பாராட்டுரை கேட்கவில்லை, மதிப்புரை கேட்கிறேன். மோசமானதை மோசம் என்று பெயர் சொல்லிக் காரணம் காட்டி எழுதுங்கள். ஒரு நல்ல திகில் எழுத்தாளரும் ஒரு நகல் எழுத்தாளரும் ஒரே கயிற்றில், ஒரே விலையில் தொங்கினால், நன்றாக எழுத வேண்டும் என்ற வைராக்கியம் யாருக்கு வரும்? தரம் இல்லாததால் மதிப்புரை இல்லை என்கிறோம். மதிப்புரை இல்லாததாலும் தரம் தங்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவதாக, பேய்ச்சங்கதியெல்லாம் சினிமாவுக்குப் போய்விட்டது, புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்பார்கள். சந்திரமுகி, முனி, காஞ்சனா, அரண்மனை, பீட்சா, மாயா என்று வரிசை நீள்கிறது. படம் வெளிவந்த அன்று மாலைக்குள் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பேசிவிடுகிறோம். அப்படியானால் பேயைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது! 2011இல் வந்த 'காஞ்சனா'வில் பழிவாங்கும் ஆவி ஒரு திருநங்கை. அந்தச் சித்திரிப்பு மரியாதை செய்ததா, இழிவு செய்ததா என்று எவ்வளவு விவாதம் நடந்தது. நல்ல விவாதம்தான். அதே சூட்டில் ஒரு நாவலைப் பற்றி விவாதிக்க என்ன தடை? கடல் கடந்து பாருங்கள். 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவல் எது? இலங்கையின் ஷெஹான் கருணாதிலக எழுதிய ஒரு பேய்க்கதை! போர்ப் புகைப்படக்காரர் ஒருவர் செத்த பிறகு கண் விழிக்கிறார். மறு உலகம் ஓர் அரசு அலுவலகம் போல வரிசையும் கூச்சலுமாக இருக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஏழு நிலவுகள் தவணை. அங்கே அவர் சந்திப்பவர்களில் ஒருவர், 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட விரிவுரையாளர் ராஜினி திராணகமவை நினைவூட்டும் பாத்திரம். உயிரோடு இருப்பவர் பேச அஞ்சிய காலத்தை எழுத, அந்த எழுத்தாளருக்குச் செத்தவர்கள் தேவைப்பட்டார்கள். இலங்கைத் தமிழரான நம் சகோதரரின் சாவும் அந்தக் கதையில் இருக்கிறது. தமிழில் அப்படி ஒரு பேய் நாவல் வந்தால், அதை அடையாளம் கண்டு சொல்ல நம்மிடம் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்?

இதையெல்லாம் சென்னையில் பேசாமல் இங்கே வந்து ஏன் பேச வேண்டும்? பேசவேண்டிய இடம் இதுதான். மேல்மலையனூரில் மாசி அமாவாசையில் மயானக்கொள்ளை நடக்கிறது. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள். திருவதிகையில் முப்புரம் எரித்த கதை தலபுராணமாக நிற்கிறது. பொன்னாலும் வெள்ளியாலும் இரும்பாலும் செய்து வானில் பறந்த மூன்று கோட்டைகள் என்று கற்பனை செய்த மண் இது. தெருக்கூத்தில் அரவான் தன்னையே களப்பலி கொடுப்பதை விடிய விடியப் பார்த்த மக்கள் நாம். இன்னொன்றும் இங்கேதான் நடந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டியபோது பல ஊர்கள் இடம் பெயர்ந்தன. வீட்டுக்கும் நிலத்துக்கும் கணக்குப் போட்டார்கள். ஊர் எல்லைப் புளியமரத்துக்கும், ஏரிக்கரை முனிக்கும், உச்சி வேளையில் யாரும் போகாத கிணற்றுக்கும் யார் கணக்குப் போட்டது? பேய்க்கதை இடத்தோடு ஒட்டிப் பிறப்பது. மரம் போனால், கரை போனால், கதையைத் தாங்கியிருந்த ஆணி போயிற்று. இடம் பெயர்ந்த குடும்பங்களின் பெரியவர்களிடம் மட்டும் அது மிச்சம் இருக்கிறது.

ஆகவே, மாணவர்களே, உங்களிடம் நேராகச் சில காரியங்களைக் கேட்கிறேன். இடம் பெயர்ந்து வந்த தாத்தா பாட்டிகளிடம் அவர்கள் ஊர்ப் பேயின் கதையைக் கேட்டு, எந்த ஊர், எந்த மரம், யார் சொன்னது என்று குறித்து எழுதுங்கள். கல்லூரிக் கையெழுத்து இதழில் ஒரு பக்கத்தைத் திகில் புத்தக மதிப்புரைக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு புத்தகம், பழையதோ புதியதோ. நெய்வேலியில் பல்லாண்டுகளாக நடந்துவரும் புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளர்களைப் பாராட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு திகில் எழுத்தாளருக்கும், ஒரு மாயக்கதைக்காரருக்கும் இடம் கேட்டு எழுதுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் வாழ்ந்தார். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நோட்டீசையும் மலிவுப் பதிப்பையும்கூட அவர் சேர்த்து வைத்தார். 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் இன்று அங்கே வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய மாத நாவல் கட்டு ஒன்று கிடக்கலாம். வரும் போகிக்கு முன்னால் அதை இறக்குங்கள். ஆசிரியர் பெயர், ஆண்டு, மாதம், விலை, அட்டையில் என்ன படம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன் கீழே, கதை பிடித்ததா இல்லையா, ஏன் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். நோட்டையும் கட்டையும் அருகில் உள்ள நூலகத்தில் கொடுங்கள்.